எதுவானாலும் எண்ணெய்

மாமியாருக்கு மருமகன்மேல் நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பீரோ சாவியை அவனிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்தை அவன் கையால்தான் விட்டுக்கொள்வார். மகள் விட்டால் மூக்கில் விழுகிறதாம். ஆனால் சமையல் எண்ணெய் என்று பேச்சு வந்துவிட்டால், ரேடியோவில் பேசுகிற ஒரு மனுஷனைத் தவிர வேறு யார் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

அந்த ரேடியோ மனுஷன் மருமகன்தான்.

இருபது வருஷமாக அவனுக்கு அதுதான் பிழைப்பு. மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் ஒலிப்பதிவு அறை. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க, கீழே விலைபோகாத மெத்தைகளைக் கிழித்துச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். அவன் நின்று பேசுகிற இடத்துக்கு நேர் எதிரே குழந்தைகள் மெத்தை ஒன்று, முயல் படம் போட்டது. அந்த முயல்களைப் பார்த்தபடியே அவன் பெயிண்டைப் பற்றிப் பேசினான், பற்பசையைப் பற்றிப் பேசினான், கதவுத் தாழ்ப்பாளைப் பற்றிக்கூட ஒருமுறை உருகி உருகிப் பேசினான். ஆனாலும் எண்ணெய்தான் அவனுக்குக் கைவந்த பொருள். சூரியகாந்தி, கடலை, எள், தேங்காய், தவிடு, கடுகு, ஆலிவ் என்று எந்த விதையைப் பிழிந்தாலும் கடைசியில் அவன் தொண்டை வழியாகத்தான் ஊருக்குள் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கிவிட்டுச் சொல்வார்:

"குரல் சரியா இருக்கு சார். இன்னும் கொஞ்சம் அக்கறையை ஊத்துங்க."

அவனும் ஊற்றுவான். "உங்கள் குடும்பத்தின் இதயம், எங்கள் எண்ணெயில் பத்திரம்."

வீட்டில் அவன் பேசுவது வேறு தொண்டை. தொழில் குரலை வீட்டில் செலவழிக்கக் கூடாது என்று ஆரம்பத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டான். நாளாக ஆக அதுவே பழகி, மூக்கில் பாதி வாயில் பாதியாக ஒரு சன்னக் குரல் நிலைத்துவிட்டது. உப்பை எடுங்கள் என்று அவன் சொன்னால் மேசையில் இருப்பவர்கள் என்ன, என்ன என்று இரண்டு தரம் கேட்பார்கள்.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர். முகம் பார்க்காமலே குரலை வைத்து ஆளை எடை போட்டுவிடுவேன் என்பது அவருடைய பெருமை. மகள் ஒருநாள் உண்மையைப் போட்டு உடைத்தபோது அவர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது.

"இவரா? ஏண்டி, எனக்குக் காது போச்சுன்னு நினைச்சியா? அந்த மனுஷன் தொண்டை பொய் சொல்ற தொண்டையே இல்லை. நிதானம் என்ன, கனிவு என்ன! நம்ம மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனா பேசினா கொசு பறக்கிற மாதிரில்ல இருக்கு!"

மருமகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து, ஒரு வாய் வெந்நீர் குடித்து, தொண்டையைச் செருமி, "உங்கள் குடும்பத்தின் இதயம்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லி முடித்தான். தண்ணீர் ஜாடி அதிர்ந்தது.

மாமியார் கை தட்டினார். "பிரமாதம் மாப்பிள்ளை! அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி மிமிக்ரி பண்றீங்க. ஆனா அந்தக் கனிவு வரல பாருங்க, அது பிறவியிலேயே இருக்கணும்."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகளுக்கு அஞ்சலகத்தில் பார்சல் கவுண்டரில் வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். ஆகவே சமையலறை மாமியார் வசம் இருந்தது. குளிர்பதனப் பெட்டியின்மேல் ரேடியோ. எண்ணெய் விளம்பரம் வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்பார். மறுநாள் அந்த எண்ணெய் வீட்டுக்கு வந்துவிடும். பழைய எண்ணெயையும் தள்ளிவைக்க அவருக்கு மனசு வராது. அதையும் அதே மனுஷன்தானே சொன்னார்? இப்படியே அடுப்புக்குப் பக்கத்தில் பதினோரு பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. மாமியாரின் கணக்கு எளிமையானது. ஒவ்வொன்றும் இதயத்துக்கு நல்லது. பதினொன்றையும் ஊற்றினால் பதினோரு மடங்கு நல்லது. மஞ்சள் மூடி எண்ணெயில் முட்டை பொரிந்தது, பச்சை மூடி எண்ணெயில் கத்தரிக்காய் வதங்கியது. எந்தப் பாட்டிலுக்கும் அன்றைக்கு முறை வரவில்லையென்றால், குறை வைக்கக் கூடாது என்று சூப்பின் மேலாக அதிலிருந்து ஒரு கரண்டி விடுவார். மீன் பொரித்த எண்ணெயைக் கிண்ணத்தில் மூடிவைத்து மறுநாள் உருளைக்கிழங்குக்கு ஏற்றுவார். தட்டைக் கழுவும்போது கையிலிருந்து வழுக்கி ஓடும். மாதத்துக்கு இரண்டு தட்டாவது உடையும்.

ஒருநாள் மாடிப்படி ஏறும்போது மாமியாருக்கு மூச்சு முட்டியது. இரத்தப் பரிசோதனை செய்தார்கள். கொழுப்பு எகிறிக் கிடந்தது. டாக்டர் ஓர் இளம்பெண். காகிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"டாக்டரம்மா, அது இருக்கட்டும்" என்றார் மாமியார். "எந்த எண்ணெய் நல்லது? அதைச் சொல்லுங்க."

"எந்த எண்ணெய்ங்கிறதைவிட எவ்வளவு எண்ணெய்ங்கிறதுதான் முக்கியம்மா. எல்லாம் கொழுப்புதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு டீஸ்பூன், மிஞ்சினா நாலு. பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க. அவ்வளவுதான்."

"சரி, அந்த மூணு டீஸ்பூன் எந்த எண்ணெய்ல?"

"உங்களுக்குப் பிடிச்சதுல. மாத்தி மாத்திக்கூடப் பயன்படுத்தலாம்."

வெளியே வந்ததும் மாமியார் மருமகனின் கையைப் பிடித்து நிறுத்தினார். "பாவம், சின்னப் பொண்ணு. எண்ணெய்ப் பேரு ஒண்ணுகூடத் தெரியல. படிக்கிறப்போ அந்தப் பாடத்துக்கு லீவு போட்டிருக்கும்."

இனி வீட்டில் ஒரே ஓர் எண்ணெய்தான், மூன்று பேருக்கும் அளந்துதான் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எந்த எண்ணெய் என்று இரண்டு பேரும் போய்ப் பார்த்து முடிவு செய்து வாருங்கள் என்று அவர்களைக் கடைக்கு அனுப்பினாள். அவள் செய்த தப்பு அதுதான்.

கடையில் எண்ணெய்க்கென்றே நீளமாக ஒரு வரிசை. அந்த மாதம்தான் ஒவ்வொரு அடுக்குக்குக் கீழேயும் சோப்புப்பெட்டி அளவில் ஒரு பேசும் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். யாராவது எதிரே நின்றால் அது பேசத் தொடங்கும். மாமியார் முதல் அடுக்குக்கு முன்னால் போய் நின்றார்.

"வாருங்கள்" என்றது பெட்டி, மருமகனின் குரலில். "உங்களைப் போன்ற ஒருவருக்காகத்தான் காத்திருந்தேன்."

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "பார்த்தீங்களா மாப்பிள்ளை, எவ்வளவு மரியாதை!"

"அத்தை, அது எல்லாரையும் அப்படித்தான் சொல்லும்."

"உங்கள் இதயத்தின் நண்பன் சூரியகாந்தி" என்றது பெட்டி.

"அத்தை, டாக்டர் என்ன சொன்னாங்க? எதுவா இருந்தாலும்..."

"உஷ்! அவர் பேசிட்டிருக்கார்."

மருமகன் அவரைக் கையைப் பிடித்து நகர்த்தப் பார்த்தான். நகர்ந்த இடத்தில் அடுத்த பெட்டி விழித்துக்கொண்டது. "சூரியகாந்தியா? சற்றே பொறுங்கள். எள் இருக்கும்போது ஏன் கவலை?" அவன் ஒரு அடி பின்வாங்க, முதுகுக்குப் பின்னால் தவிட்டெண்ணெய் தொடங்கியது. ஒரே குரல் மூன்று பக்கமிருந்தும் தன்னைத்தானே மறுத்துப் பேசியது. மருமகனுக்குத் தலை கிறுகிறுத்தது. தவிட்டெண்ணெய்க்காக அந்த வரியைச் சொன்ன அன்று தனக்குப் பல்வலி என்பதும், பல்வலியோடு எவ்வளவு அன்பாகச் சொல்லியிருக்கிறோம் என்பதும் ஞாபகம் வந்தன. அடக்க முடியாமல் பெட்டியைப் பார்த்துக் கத்தினான்.

"பொய்! எல்லாம் பொய்! இந்த ஆளுக்கு எண்ணெயைப் பத்தி ஒண்ணுமே தெரியாது!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. கையில் கூடையோடு நின்ற ஒரு பெரியவர் அவனைப் பார்த்து முகம் சுளித்தார். "தம்பி, முதல்ல அவரைப் பேசி முடிக்க விடுங்க. அப்புறம் உங்க கருத்தைச் சொல்லலாம்."

"மன்னிச்சுக்குங்க" என்றார் மாமியார் எல்லாரிடமும். "வேலைக் களைப்பு. நல்ல பிள்ளைதான்."

வீட்டுக்கு இரண்டு புதுப் பாட்டில்களோடு திரும்பினார்கள். மகள் எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்று. அவள் கோபத்தில் கத்துகிறவள் இல்லை. பார்சலை எடைபோடும் முகத்தோடு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க ஊத்தினதை நீங்கதான் வடிக்கணும்."

மறுநாள் காலை முதல் வேலையாக அவன் ஒலிப்பதிவாளரிடம் அரை மணி நேரம் கேட்டான். பையிலிருந்து எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்து முயல்களுக்கு முன்னால் நின்றான்.

"எந்தக் கம்பெனி சார்?"

"கம்பெனி இல்லை. எங்க அத்தைக்கு."

ஒலிப்பதிவாளர் ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்கும் மாமியார் உண்டு. பட்டனை அழுத்தினார்.

மருமகன் பேசினான். "தினமும் சமைக்கிற அம்மாவுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய், எதுவானாலும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்றே டீஸ்பூன் போதும். பொரித்த எண்ணெயை மீண்டும் காய்ச்ச வேண்டாம். எதுவானாலும், மூன்றே டீஸ்பூன்!"

அவன் உண்மையைத்தான் சொன்னான். ஆனால் இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? எண்ணெய் விளம்பரம் என்றால் அதில் ஏதாவது ஒரு சொல்லைக் கொஞ்சம் தூக்கி, நிறுத்தி, தடவிக் கொடுத்து இறக்க வேண்டும். கம்பெனிப் பெயர் இல்லாததால் அவனையறியாமல் "எதுவானாலும்" என்ற சொல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒலிப்பதிவாளரும் தன் பழக்கத்துக்கு அந்தச் சொல்லுக்குப் பின்னால் டிங் என்று ஒரு மணியைச் சேர்த்தார். ரேடியோ நிலையத்தில் அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. விளம்பரம் கிடைக்காத நேரங்களில் சும்மா கிடப்பதற்கு இது ஓடட்டும் என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை போட அவர் ஒப்புக்கொண்டார்.

அது ஓடத் தொடங்கிய அன்று மருமகன் வீட்டுக்கு வேகமாக வந்தான். மாமியார் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

"மாப்பிள்ளை, கேட்டீங்களா? அவர் பேசினார்! மூணு டீஸ்பூன் போதுமாம். அந்த டாக்டர் பொண்ணு சொன்னது சரிதான் போல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க அத்தை."

"இதுல புரிய என்ன இருக்கு? செருப்பைக் கழட்டாதீங்க. அப்படியே கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடுங்க."

"என்ன பாட்டில்?"

"எதுவானாலும்."

"அதான் வீட்டுல பதிமூணு இருக்கே அத்தை."

"அதெல்லாம் மத்த எண்ணெய். இவர் சொன்னது 'எதுவானாலும்' எண்ணெய். மூணே ஸ்பூன் போதும்னா எவ்வளவு கெட்டியா இருக்கும், பாருங்க!"

அவன் விளக்கினான். மாமியார் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "அந்த மனுஷன் எதைச் சொன்னாலும் நீங்க அதுக்கு நேர் எதிராவே சொல்றீங்க. அவர்மேல உங்களுக்கு என்ன காட்டம்?" என்றார்.

கடைக்குப் போனான். அங்கே ஏற்கெனவே ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் வியர்த்து வழிந்துகொண்டு ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன எண்ணெய் வேணும்மா?"

"எதுவானாலும்."

"அப்ப இந்தக் கடலை எண்ணெயை எடுத்துக்குங்க."

"இது கடலை எண்ணெய். எனக்கு எதுவானாலும் வேணும்."

"எதுவானாலும்னா இதுவும் சரிதானேம்மா?"

"இது எப்படி எதுவானாலும் ஆகும்? மேல கடலைன்னு எழுதியிருக்கே?"

கடைக்காரர் மருமகனைப் பார்த்தார், காப்பாற்ற ஆள் வந்ததென்று. "சார், உங்களுக்கு?"

மருமகன் வாயைத் திறந்தான். அதற்குள் பக்கத்தில் பையோடு நின்ற ஒருவர், "நானும் அதுக்குத்தான் வந்தேன். வந்துச்சுன்னா ரெண்டு எடுத்து வைங்க" என்றார். மருமகன் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தான்.

வழி கண்டுபிடித்தவள் மகள். அஞ்சலகத்தில் ஒட்டுத்தாளில் "எதுவானாலும்" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டாள். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கழுவிக் காயவைத்து, பதின்மூன்று பாட்டிலில் கைக்கு அகப்பட்ட ஒன்றிலிருந்து நிரப்பி, தாளை ஒட்டி அம்மாவிடம் கொடுத்தாள். மாமியார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஆகா! வாசனையே தனி."

அன்றைக்கு அதில் இருந்தது மஞ்சள் மூடி. இதே மாமியார் அதில் ஒரு வருஷமாக முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்றிலிருந்து அவர் மருந்துக்கடைக்காரர் மாதிரி அளந்தார். டீஸ்பூனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு சொட்டு அதிகம் விழுந்தால் பதறுவார். கெட்டி எண்ணெய் அல்லவா? மிஞ்சினால் என்ன ஆகுமோ? பதின்மூன்று பாட்டில்களையும் அலமாரிக்குப் பின்னால் தள்ளினார். குப்பி காலியாக ஆக, மகள் அவற்றிலிருந்தே மாற்றி மாற்றி நிரப்பினாள். எள்ளும் கடுகும் ஆலிவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. மாமியார் எல்லாவற்றையும் ஒரே எண்ணெய் என்றே சாப்பிட்டார். கடுகெண்ணெய் வாரத்தில் மட்டும், "இந்தத் தடவை நல்ல புதுச் சரக்கு. மூக்குல ஏறுது" என்றார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ரொம்ப நல்லா இறங்கியிருக்கே! மாத்திரை மட்டும் இப்படிச் செய்யாது. சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க? என்ன எண்ணெய்?"

"எதுவானாலும்" என்றார் மாமியார் பெருமையாக. "மூணே டீஸ்பூன்."

"அதேதான்!" டாக்டர் மேசையைத் தட்டினார். "நான் எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றேன். ஒருத்தர் காதுல வாங்கறதில்லை. நீங்க ஒருத்தர்தான் சரியாப் புடிச்சுக்கிட்டீங்க."

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். மருமகன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஊரெல்லாம் கேட்கிற எண்ணெய் கடையில் இல்லாமல் எத்தனை நாள் இருக்கும்? ஓர் எண்ணெய் மொத்த வியாபாரி விழித்துக்கொண்டார். கிடங்கில் மிஞ்சிய எல்லா எண்ணெயையும் ஒரே தொட்டியில் கொட்டி, "எதுவானாலும்" என்று பெயர் போட்டுப் பாட்டிலில் அடைத்தார். பெயருக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. நேராக ஒலிப்பதிவு அறைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். அதில், "எதுவானாலும் எண்ணெய்! தாராளமாக ஊற்றுங்கள், இதயத்தைத் தளதளவென்று வளர்த்திடுங்கள்!" என்று இருந்தது.

மருமகன் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். இருபது வருஷத்தில் அவன் திருப்பிக் கொடுத்த முதல் தாள்.

"இதை நான் பேசல."

"ஏன் சார்?"

"எங்க வீட்டுல ஒருத்தங்க கேப்பாங்க."

"கேக்கத்தானே சார் விளம்பரம்?"

"அவங்க நம்பிடுவாங்க."

"அதுக்குத்தானே சார் உங்களைத் தேடி வந்திருக்கேன்!" வியாபாரிக்கு உண்மையாகவே புரியவில்லை.

"வேற எது வேணும்னாலும் பேசறேன். தாழ்ப்பாள் பேசறேன். இது வேண்டாம்."

வியாபாரி கோபித்துக்கொண்டு படியிறங்கினார். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "சார், எண்ணெய்க்காரங்க எல்லார் காதுக்கும் பேச்சு போயிடும். இனிமே எவனும் கூப்பிட மாட்டான்." மருமகனுக்கும் அது தெரியும். இருந்தாலும் அன்று படியிறங்கும்போது, வீட்டுக் குரலில், தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டு இறங்கினான்.

வியாபாரி சளைத்தவர் அல்ல. மேடைகளில் பலகுரல் காட்டுகிற ஒருவரைப் பிடித்து, மருமகனின் குரலிலேயே அந்தத் தாளைப் படிக்க வைத்துவிட்டார். அடுத்த வாரம் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அது ரேடியோவில் வந்தது. மருமகன் தேநீர்க் கோப்பையோடு உறைந்துபோனான். குரல் அச்சு அசலாக அவனுடையதுதான். அவனுக்கே ஒரு கணம், எப்போது பேசினோம் என்று சந்தேகம் வந்துவிட்டது. "தாராளமாக ஊற்றுங்கள்" என்றது அது. மகள் அம்மாவையே பார்த்தாள். மாமியாரின் கையில் டீஸ்பூன் அப்படியே நின்றது.

விளம்பரம் முடிந்தது. மாமியார் ரேடியோவை அணைத்தார்.

"இது அவர் இல்லை."

"என்னம்மா சொல்றே?" என்றாள் மகள்.

"முப்பத்தோரு வருஷம் இந்தக் காதை வெச்சுத்தான் சோறு தின்னேன். குரல் அவர் குரல்தான். ஆனா அந்தக் கனிவு இல்லை. யாரோ அவரை மாதிரிப் பேசறாங்க." சொல்லிவிட்டு மெதுவாக மருமகன் பக்கம் திரும்பினார். பார்வை கூர்மையானது. "யாரு பேசினதுன்னும் எனக்குத் தெரியும்."

மருமகன் கோப்பையைத் தட்டில் வைத்தான்.

"மாப்பிள்ளை, நீங்கதானே?"

மகள் சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அவளுடைய முதுகு குலுங்குவது தெரிந்தது.

மருமகன் என்ன செய்வான்? ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், அது ரேடியோ மனுஷனே பேசியது என்று ஆகிவிடும், பிறகு அத்தை தாராளமாக ஊற்றத் தொடங்கிவிடுவார். இரண்டில் எது மாமியாரின் இதயத்துக்கு நல்லது என்று யோசித்தான்.

"ஆமா அத்தை" என்றான். "மன்னிச்சுடுங்க."

மாமியார் திட்டவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார். "ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனா இன்னொருத்தர் குரல்ல பேசறது அடுத்தவங்க சட்டையைப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி. இனிமே வேண்டாம். வெளியில யார்கிட்டயும் நான் மூச்சு விட மாட்டேன்."

"சரிங்க அத்தை."

அவர் மறுபடி அடுப்படிக்குப் போனார். அன்றைய முட்டைக்கு அளந்து ஊற்றினார்.

ஒலிப்பதிவாளர் சொன்னபடியே எண்ணெய்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பலகுரல்காரரிடம் போய்விட்டன. மருமகனுக்கு மெத்தைக் கடையும், ஒரு மூட்டுவலித் தைலமும், ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்கிற அறிவிப்பும் கிடைத்தன. அறிவிப்பில் அக்கறையை ஊற்றத் தேவையில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது. சொன்ன நடைமேடைக்கே ரயில் வந்து நின்றது.

ஒரு மாதம் கழித்து, ரேடியோ நிலையத்திலிருந்து ஒலிப்பதிவு அறைக்கு ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உறையின்மேல், "எண்ணெய் விளம்பரத்தில் நிஜமாகப் பேசுகிற ஐயா அவர்களுக்கு" என்று இருந்தது. கையெழுத்து மாமியாருடையது. தபால்தலையை ஒட்டி முத்திரை குத்தியது யார் என்பதும் அவனுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அவ்வளவு நேராக முத்திரை குத்துகிறவள் அந்த அஞ்சலகத்தில் ஒருத்திதான். வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடிதம் இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, இப்போது வருகிறவர் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் மருமகன் ஒரு தடவை உங்கள் குரலில் பேசிவிட்டார். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணுக்கு மருந்து விட்டால் ஒரு சொட்டு வெளியே விழாது. பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும். குரல் ஒன்றுதான் குறை. உங்களைப் போல் பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார். உங்களுக்கு நேரம் இருந்தால் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து, ஏதாவது சின்ன வேலையாகவாவது போட்டுக் கொடுங்கள்."

மருமகன் அதை முயல்களுக்கு முன்னால் நின்று படித்தான். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நல்ல செய்தியா சார்?" என்று கேட்டார். "இங்க தட்டச்சு மெஷின் இருக்கா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

கையெழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்பினான். "அம்மா, நலமாக இருக்கிறேன். உங்கள் மருமகனை வியாழக்கிழமைகளில் அனுப்பி வையுங்கள்."

வியாழக்கிழமை காலை மாமியார் அவனுடைய நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு டப்பா ஒன்றுக்கு இரண்டாக இருந்தது.

"ஒண்ணு ஐயாவுக்கு. குனிஞ்சு நின்னு பேசாதீங்க. அவர் சொல்றதைக் கவனமாக் கேளுங்க, நடுவுல எதிர்த்துப் பேசாதீங்க, என்ன?"

"சரிங்க அத்தை."

ஐயாவுக்கான டப்பாவை ஒலிப்பதிவாளர் சாப்பிட்டார். சாதத்தையும் கத்தரிக்காயையும் வழித்துத் தின்றுவிட்டு, விரலைப் பார்த்து, "என்ன சார், கை பிசுபிசுக்கவே இல்லை!" என்றார். பிறகு இருவரும் மூட்டுவலித் தைலத்தைப் பதிவு செய்தார்கள்.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் வந்துவிட்டார்.

"பார்த்தீங்களா அவரை? என்ன சொன்னார்?"

"தொண்டை பரவாயில்லையாம் அத்தை. அடுத்த வியாழக்கிழமையும் வரச் சொன்னார்."

மாமியார் உள்பக்கம் திரும்பி மகளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"பார்த்தியா? மனுஷன்னா அவர் மனுஷன்!"